எல்எஃப்ஓ-வை இன்னும் மெதுவாக ஓட வைக்க ஒரு கெபாசிடர் போதுமா?

யேற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன யூரோராக் செட் ஒன்று, அதாவது தனித்தனி மாடியூல்களை வயரால் இணைத்து வாசிக்கும் மாடுலர் சிந்தசைசர், அவரிடம் இருக்கிறது. அதிலுள்ள எல்எஃப்ஓ-வை (காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜைத் தரும் மாடியூல்) எவ்வளவு குறைத்தாலும் ஒரு சுற்று பத்து வினாடியில் முடிந்துவிடுகிறது. அவருக்கோ ஓர் ஆலாபனை நீளத்துக்கு, கிட்டத்தட்ட இரண்டு நிமிஷத்துக்கு, ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் மெல்லத் திறந்து மெல்ல மூட வேண்டும். அடுத்து, அந்த மெதுவான வோல்டேஜை விசிஏ (ஒரு வோல்டேஜ் சொல்கிறபடி இன்னொரு சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் மாடியூல்) வழியாக அனுப்பினால் மறுபக்கம் ஒன்றுமே வருவதில்லை. மூன்றாவதாக, யேற்காட்டில் சுருதி சேர்த்து வைத்த, சுரத்தை எழுப்பும் இரண்டு ஆசிலேட்டர்களும் சேலத்துக்கு இறங்கி வந்து வாசித்தால் விலகி நிற்கின்றன. கையில் இருப்பது ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர். கெபாசிடரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா, இல்லை இருக்கிற போர்டும் போய்விடுமா என்பது அவருடைய பயம்.

ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது மூன்று, மூன்றுக்கும் பதில் வேறு. எல்எஃப்ஓ அனலாக் போர்டாக இருந்தால் அதை மெதுவாக்க நிச்சயம் முடியும். கெபாசிடரை மாற்றக்கூட வேண்டாம், பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் போதும். விசிஏ விஷயமும் பெரும்பாலும் முடியும், ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சுருதி விலகுவதற்காக ஆசிலேட்டர் போர்டில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

நான் சேலத்தில் ஆடியோ சர்வீஸ் செய்பவன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்ததிலிருந்து ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர், கீபோர்டு என்று வருவதையெல்லாம் பிரித்து மாட்டுவதுதான் பிழைப்பு. மாடுலர் சிந்தசைசர் நடுவில் பிடித்துக்கொண்ட பைத்தியம். உங்கள் மாடியூல்களின் பெயரை நீங்கள் எழுதவில்லை, போர்டின் படமும் இல்லை. அதனால் இப்படிப்பட்ட சர்க்யூட்கள் வழக்கமாக எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான் பேசுகிறேன். எங்கே உறுதி, எங்கே ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. யூரோராக் என்பது ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் தன் ஏ-100 வரிசையோடு கொண்டுவந்த அளவுமுறை. மாடியூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர், சப்ளை பிளஸ் 12 மற்றும் மைனஸ் 12 வோல்ட், எல்லா இணைப்பும் 3.5 மில்லிமீட்டர் ஜாக், சுருதிக்கு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட். 12 வோல்ட் என்பதால் உங்கள் கைக்கு ஆபத்து இல்லை. ஆபத்தெல்லாம் மாடியூலுக்குத்தான், அதுவும் சால்டரிங் அயர்னால் அல்ல, பின்பக்கம் மாட்டும் ரிப்பன் கேபிளால். சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் போக வேண்டும் என்பது வழக்கம். திருப்பி மாட்டினால் பாதுகாப்பு டயோடு இல்லாத போர்டில் ஐசிகள் நொடியில் போய்விடும். என்னிடம் 'மாடிஃபை பண்ணினேன், செத்துவிட்டது' என்று வந்தவற்றில் பல உண்மையில் வேலை முடிந்து அவசரமாக ரிப்பனைத் தலைகீழாக மாட்டியதால் செத்தவை. கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்எஃப்ஓ-வுக்கு வருவோம். முதலில் போர்டைத் திருப்பிப் பாருங்கள். நிறையக் கால்களோடு ஒரு பெரிய ஐசி, பக்கத்தில் ஒரு கிறிஸ்டல் இருந்தால் அது மைக்ரோகண்ட்ரோலர். அலையை உருவாக்குவது அதனுள்ளே இருக்கும் புரோகிராம், நீங்கள் எந்தக் கெபாசிடரை மாற்றினாலும் வேகம் மாறாது. அப்படியானால் சால்டரிங் அயர்னை வைத்துவிட்டு மேனுவலில் மெதுவான ரேஞ்சுக்கு ஏதாவது பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள். எட்டுக் கால் டிஎல்072, பதினாலு கால் டிஎல்074 மாதிரி ஐசிகள் மட்டுமே இருந்தால் அது அனலாக். மீதிப் பேச்சு அதற்குத்தான்.

முக்கோண அலை தரும் அனலாக் எல்எஃப்ஓ பெரும்பாலும் இரண்டு ஓப்-ஆம்ப்களால் (அந்த ஐசிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் பகுதிகள், டிஎல்072-இல் இரண்டு) ஆனது. ஒன்று கெபாசிடரை மெல்ல நிரப்பும், மற்றொன்று ஓர் எல்லை வந்ததும் திசையைத் திருப்பிவிடும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கெபாசிடரின் மதிப்புக்கு நேர் விகிதம். இதில் சந்தேகமே இல்லை. ஒரு மைக்ரோஃபாரட் பத்து வினாடி என்றால் பதினொரு மைக்ரோஃபாரட் நூற்றுப்பத்து வினாடி. உங்கள் இரண்டு நிமிஷம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. கெபாசிடர்களைப் பக்கம் பக்கமாகப் போட்டால் மதிப்பு கூடும் என்பதால் பழைய ஒரு மைக்ரோஃபாரடைப் பிடுங்கவே வேண்டாம். அதன் இரண்டு கால்களிலிருந்தும் மெல்லிய வயர் இழுத்து, நடுவில் ஒரு சின்ன டாகிள் சுவிட்ச் வைத்து, பத்து மைக்ரோஃபாரடைச் சேர்த்துவிடுங்கள். சுவிட்ச் ஆஃப் என்றால் பழைய எல்எஃப்ஓ, ஆன் என்றால் மெதுவான எல்எஃப்ஓ. நாளைக்கே விற்க நினைத்தாலும் இரண்டு வயரை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். சுவிட்சைத் தட்டும் நொடியில் வோல்டேஜ் ஒரு குதி குதிக்கும், கச்சேரி நடுவில் தட்டாதீர்கள்.

எந்தக் கெபாசிடர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டில் 104 என்று எழுதிய சின்னச் சின்ன செராமிக்குகள் ஐசிக்கு ஒன்றாக நிற்கும். அவை சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இருப்பவை, வேகத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் தேடுவது பெரும்பாலும் பெட்டி மாதிரி இருக்கும் ஃபிலிம் கெபாசிடர். 105 என்றால் ஒரு மைக்ரோஃபாரட், 474 என்றால் 0.47. பவரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வையுங்கள். டிஎல்072-இல் ஒன்றாம் கால் அவுட்புட், இரண்டாம் கால் அதன் மைனஸ் இன்புட். மறுபாதிக்கு ஏழும் ஆறும். ஒரு கெபாசிடரின் ஒரு முனை ஒன்றிலும் மறுமுனை இரண்டிலும் பீப் அடித்தால், அல்லது ஏழிலும் ஆறிலும் அடித்தால், அதுதான் ஆள். சில போர்டுகளில் இதே இடத்தில் 20, 50 பிகோஃபாரட் அளவில் குட்டி செராமிக் ஒன்றும் இருக்கலாம். அது வேறு வேலைக்கு, ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போது எந்த வகைக் கெபாசிடர் போடுவது என்பது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கையில் கிடைத்த 10 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக்கைப் போட்டுவிடக் கூடாது. இந்த இடத்தில் கெபாசிடரின் ஒரு முனை எப்போதும் பூஜ்ஜியத்தில் நிற்கும், மறுமுனை பிளஸ் ஐந்துக்கும் மைனஸ் ஐந்துக்கும் போய் வரும். சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் மைனஸ் பக்கத்தைத் தாங்காது. ஸ்பீக்கர் கிராஸ்ஓவரில் போடுகிற நான்-போலார் எலெக்ட்ரோலிட்டிக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 22 மைக்ரோஃபாரட் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துத் தொடராகப் போட்டால் பதினொன்று கிடைக்கும்.

ஆனாலும் எலெக்ட்ரோலிட்டிக்கில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினொரு மைக்ரோஃபாரடை 55 வினாடியில் பத்து வோல்ட் நகர்த்த வேண்டும் என்றால் ஓடும் கரண்ட் இரண்டு மைக்ரோஆம்பியர்தான். எலெக்ட்ரோலிட்டிக்கின் டேட்டாஷீட்டிலோ மூன்று மைக்ரோஆம்பியர் வரை கசியலாம் என்று போட்டிருப்பது சகஜம். நடைமுறையில் நல்ல கெபாசிடர் அதைவிட வெகுவாகக் குறைவாகவே கசியும், பெரும்பாலும் வேலை செய்துவிடும். ஆனால் பழசான, கடையில் வருஷக்கணக்கில் கிடந்த சரக்காக இருந்தால் அலை ஏறுவதற்கு ஒரு நேரமும் இறங்குவதற்கு ஒரு நேரமும் எடுக்கலாம், சில சமயம் எல்லையைத் தொடாமலே பாதியில் நின்றுவிடலாம். நின்றால் போர்டு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், கெபாசிடரை மாற்றுங்கள். ஃபிலிம் வகையில் இந்தத் தொல்லை இல்லை. பத்து மைக்ரோஃபாரட் ஃபிலிம் கொஞ்சம் பெரிசாக இருக்கும், விலையும் கூட, ஆனால் உள்ளே இடம் இருந்தால் அதையே போடுங்கள்.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். நம் ஊர் எலெக்ட்ரிக் கடைகளில் எங்கு கேட்டாலும் கிடைக்கும் நல்ல ஃபிலிம் கெபாசிடர் சீலிங் ஃபேன் கண்டென்சர்தான். 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட், உள்ளே பாலிப்ரொப்பிலீன். நாலைச் சேர்த்தால் பத்து. ராக்குக்குள் அடங்காது, ஆனால் எவ்வளவு மெதுவாக வேண்டும் என்று வெளியே வைத்துச் சோதித்துப் பார்க்க இதைவிடச் சுத்தமான சரக்கு யேற்காட்டில் ஒரு மணி நேரத்துக்குள் வேறு கிடைக்காது. புதுசாக வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனிலிருந்து கழற்றாதீர்கள், அது 230 வோல்ட் சங்கதி, இந்தப் பொழுதுபோக்கில் சேராது.

கெபாசிடருக்குப் பதில் ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கணக்குப்படி அதுவும் மெதுவாக்கும். ஆனால் கரண்ட் இன்னும் குறையும், குறையக் குறையச் சின்னச் சின்னக் கசிவுகளே ராஜ்ஜியம் செய்யத் தொடங்கும். டிஎல்072-இன் இன்புட் குடிப்பது பிகோஆம்பியர் கணக்கில் என்பதால் அது பிரச்னையில்லை. 4558 போட்ட போர்டென்றால் அது குடிப்பது நானோஆம்பியர்களில், டேட்டாஷீட் உச்சம் 500 வரை போகும். இரண்டு மைக்ரோஆம்பியரில் அது கால் பங்கு.

கசிவு என்றதும் யேற்காட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சால்டர் செய்த இடத்தில் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸை (ஈயத்தோடு உருகி வரும் பிசின்) அப்படியே விட்டால், பனி மூடும் மாசங்களில் அது ஈரத்தை இழுத்து இரண்டு டிராக்குகளுக்கு நடுவே மெல்லிய பாதை போட்டுவிடலாம். பத்து மெகாஓம் என்பது சாதாரண சர்க்யூட்டில் ஒன்றுமில்லை. இங்கே 12 வோல்ட் டிராக் ஒன்று பக்கத்தில் ஓடினால் பத்து மெகாஓம் வழியாக 1.2 மைக்ரோஆம்பியர் வரும், உங்கள் சார்ஜிங் கரண்டில் பாதிக்கு மேல். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷை நனைத்துத் தேய்த்துவிடுங்கள், அரை நிமிஷ வேலை. ஈயம் 60/40 அல்லது 63/37, உள்ளே ரோசின் உள்ளது மட்டும். தகரத்துக்குப் பூசும் ஆசிட் பேஸ்ட் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது வெங்காரம் போட்டுப் பற்றவைத்துத் தருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அது வெள்ளிக்கு, அந்தச் சூட்டில் போர்டு கருகிப்போகும்.

உங்கள் 25 வாட் அயர்ன் கால் உள்ள பழைய வகைப் பாகங்களுக்குத் தாராளம். கடுகளவு எஸ்எம்டி பாகங்களாக இருந்தால் தடித்த முனை பேடையே (பாகத்தின் கால் ஒட்டும் செப்புத் திட்டு) பெயர்த்துவிடும். முனையை மாற்றுங்கள், அல்லது அதே இணைப்பில் சேரும் ஓர் ஐசி காலையோ டெஸ்ட் புள்ளியையோ தேடி அங்கே வயர் வையுங்கள். வைத்த வயரை இரண்டு இடத்தில் ஒரு சொட்டு ஹாட் குளூ போட்டு அமுக்கிவிடுங்கள். பேடைப் பெயர்ப்பது பெரும்பாலும் சூடு அல்ல, பிறகு வயரைப் பிடித்து இழுப்பதுதான். இதற்கு முன் போர்டில் சால்டர் செய்ததே இல்லை என்றால் முதல் வேலையாக எல்இடியின் ரெசிஸ்டரை மாற்றிப் பழகுங்கள். பல மாடியூல்களில் எல்இடி கண்ணைக் குத்தும். ஒரு கிலோஓமுக்குப் பதில் பத்து கிலோஓம் போட்டால் மூன்று மில்லிஆம்பியர் 0.3 ஆகும், இருட்டு மேடையில் அதுவே போதும். தப்பினாலும் விளக்குதான் எரியாது.

விசிஏ-வுக்கு வருவோம். மெதுவான வோல்டேஜ் உள்ளே போய் வெளியே வராமல் போவதற்கு எனக்குத் தெரிந்து முக்கியக் காரணம் ஒன்றுதான்: இன்புட்டில் தொடராக ஒரு கெபாசிடர். ஆடியோவுக்கென்றே செய்த விசிஏக்களில் இது இருக்கும். ஒரு மைக்ரோஃபாரடும் நூறு கிலோஓமும் சேர்ந்தால் 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேயத் தொடங்கும். உங்கள் எல்எஃப்ஓ-வோ ஒரு ஹெர்ட்ஸில் நூறில் ஒரு பங்கு. ஒன்றும் வராதது இயல்பே, விசிஏ கெட்டுப்போகவில்லை. இன்புட் ஜாக்கின் முனையிலிருந்து டிராக்கைத் தொடர்ந்து போனால் முதலில் வரும் கெபாசிடர் அதுதான். அதன் இரண்டு கால்களையும் பின்பக்கம் ஒரு ஜம்பர் வயரால் சேர்த்துவிட்டால் மெதுவான வோல்டேஜும் பாயும். அவுட்புட்டிலும் அதேபோல ஒன்று இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

சங்கடம் என்று சொன்னது இதில்தான். டிசைன் செய்தவர் அந்தக் கெபாசிடரைச் சும்மா போட்டிருக்க மாட்டார். அதை எடுத்தால் உங்கள் சிக்னலில் கலந்து வரும் டிசி-யும் (ஏறி இறங்காமல் நிற்கும் வோல்டேஜ்) உள்ளே போகும். பிறகு விசிஏ சட்டென்று திறக்கும்போதெல்லாம் ஒரு 'தும்' சத்தம். இது எவ்வளவு இருக்கும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அளந்து பார்க்கலாம். விசிஏ இன்புட்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டு, கண்ட்ரோல் வோல்டேஜைப் பூஜ்ஜியத்திலிருந்து முழுசாக ஏற்றிக்கொண்டே அவுட்புட்டை மல்டிமீட்டரில் மில்லிவோல்ட் ரேஞ்சில் பாருங்கள். ஐந்து பத்து மில்லிவோல்ட் நகர்ந்தால் ஃபில்டருக்கு அனுப்பும் வேலைக்கு அது ஒன்றுமே இல்லை. அதையே ஆசிலேட்டரின் சுருதிக்கு அனுப்பினால், ஓர் அரைச்சுரம் 83 மில்லிவோல்ட் என்பதால், ஐந்து மில்லிவோல்ட் ஆறு சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூறில் ஆறு பங்கு. கம்பிதச் சுரத்தில் மறைந்துவிடும், தம்புராவோடு நீட்டிப் பிடித்தால் காதில் உறுத்தும். இரண்டு விசிஏ இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் முகப்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பதே புத்திசாலித்தனம். ஜம்பருக்குப் பதில் சுவிட்ச் வைத்தால் இன்னும் நல்லது. எப்படியும் டிசி வரக்கூடிய அவுட்புட்டை நேராகப் பவர் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்காதீர்கள். நடுவில் மிக்ஸரோ ஆடியோ இன்டர்ஃபேஸோ இருக்கட்டும், அவற்றின் இன்புட்டில் பொதுவாக டிசி-யைத் தடுக்கும் கெபாசிடர் இருக்கும்.

இனி சுருதி. யேற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் முந்நூறுக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் வெப்பம் ஏழெட்டு டிகிரி ஏறிவிடும். அனலாக் ஆசிலேட்டரில் வோல்ட்டை ஆக்டேவாக மாற்றும் வேலையைச் செய்வது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். அதன் இயல்பே வெப்பத்தைப் பொறுத்தது: டிகிரிக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம். எந்த ஈடும் செய்யாத சர்க்யூட்டில் எட்டு டிகிரிக்கு 2.6 சதவீதம், அதாவது அடிச்சுருதியிலிருந்து நாலு ஆக்டேவ் தள்ளிப் போனால் ஒன்றேகால் அரைச்சுரம் பிசகும். இதை ஈடுகட்டத்தான் நல்ல ஆசிலேட்டர்களில் டிகிரிக்கு 3300 பிபிஎம் (அதே 0.33 சதவீதம்) மாறும் விசேஷ ரெசிஸ்டரை அந்த டிரான்சிஸ்டர்களோடு ஒட்டி வைத்திருப்பார்கள். சில ஐசிக்களில் ஈடு உள்ளேயே இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்பது போர்டைப் பார்த்தால்தான் தெரியும். இல்லையென்றால் போட்டுவிடலாமா? என் பதில் வேண்டாம். அந்த ரெசிஸ்டரின் மதிப்பு சுற்றியுள்ள பாகங்களோடு பொருந்த வேண்டும், டிரான்சிஸ்டர்களைத் தொட்டபடி இருக்க வேண்டும், போட்ட பிறகு ஐந்து ஆக்டேவுக்கும் ட்ரிம்மரை (போர்டில் இருக்கும் குட்டித் திருகு) திருகித் திருகி ஸ்கேல், அதாவது வோல்ட்டுக்குச் சரியாக ஓர் ஆக்டேவ், சேர்க்க வேண்டும். ஒரு முறை கலைந்த ஸ்கேலைத் திரும்பச் சேர்ப்பது அனுபவம் உள்ளவருக்கே ஒரு சாயங்காலத்தைத் தின்றுவிடும்.

ஆனால் எனக்கு வெப்பத்தின் மேல் மட்டும் சந்தேகம் இல்லை. நீங்கள் எழுதியதில் ஒரு வரி கண்ணில் பட்டது: சேலத்தில் வாசிக்கும்போது ஒரே கீபோர்டு வோல்டேஜை இரண்டு ஆசிலேட்டருக்கும் பிரித்துக் கொடுக்கிறீர்கள், யேற்காட்டில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறீர்கள். பிரிப்பது வெறும் ஜாக்குகளை வயரால் இணைத்த மல்டிப்பிள் என்றால் குற்றவாளி அதுவாக இருக்கலாம். வோல்டேஜ் தரும் மாடியூலின் அவுட்புட்டில் ஒரு கிலோஓம் தொடராக இருப்பது சகஜம், வாங்கும் ஆசிலேட்டரின் இன்புட் நூறு கிலோஓம். ஒரு ஆசிலேட்டர் மட்டும் மாட்டினால் நூற்றில் ஒரு பங்கு வோல்டேஜ் குறையும், அதைச் சேர்த்தே நீங்கள் டியூன் செய்திருப்பீர்கள். இரண்டாவதை மாட்டியதும் இன்னொரு பங்கு குறையும். நாலு வோல்ட்டில் அது நாற்பது மில்லிவோல்ட்டை ஒட்டி வரும், அரைச்சுரத்தில் பாதி. சோதிப்பது சுலபம். உயரச் சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது ஆசிலேட்டரின் சுருதி கேபிளை மட்டும் பிடுங்குங்கள். முதல் ஆசிலேட்டர் சற்றே மேலே ஏறினால் குற்றம் மல்டிப்பிளில். ஏறவில்லை என்றால் வெப்பம்தான்.

மல்டிப்பிள் என்றால் பஃபர் ஒன்று, அதாவது வோல்டேஜைக் குறைக்காமல் பிரித்துத் தரும் சர்க்யூட், செய்துகொள்ளுங்கள். மூன்று வேலைகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இருக்கிற எந்த மாடியூலையும் திறக்க வேண்டாம். ஒரு டிஎல்072, இரண்டு பாதிகள், இரண்டு அவுட்புட். வரும் வோல்டேஜ் இரண்டு பாதிகளின் பிளஸ் இன்புட்டுக்கும் நேராகப் போகட்டும், அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு மெகாஓம். நூறு கிலோஓம் போட்டால் பழைய இழப்பு திரும்பிவிடும். ஒவ்வொரு அவுட்புட்டிலிருந்தும் ஒரு கிலோஓம் வழியாக ஜாக். கவனிக்க வேண்டிய இடம் இது: ஃபீட்பேக்கை ஐசியின் காலிலிருந்து எடுக்காமல் ஜாக்கின் முனையிலிருந்து பத்து கிலோஓம் வழியாக மைனஸ் இன்புட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது அந்த ஒரு கிலோஓமால் வரும் இழப்பை ஐசியே ஈடுகட்டிவிடும், ஷார்ட் ஆனாலும் ஐசி தப்பிக்கும். நீள கேபிளுக்கு அலறாமல் இருக்க ஐசியின் அவுட்புட் காலுக்கும் மைனஸ் இன்புட்டுக்கும் இடையில் நூறு பிகோஃபாரட். எட்டாம் கால் பிளஸ் 12, நாலாம் கால் மைனஸ் 12, இரண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஆளுக்கொரு 104. டிஎல்072-இல் ஓரிரு மில்லிவோல்ட் ஆஃப்செட் இருக்கும், அது எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவு என்பதால் டியூன் குமிழில் போய்விடும். வெரோபோர்டில் தபால்தலை அளவு இடம் போதும். முதல் முறை பவர் கொடுக்கும்போது ஐசியைச் சாக்கெட்டில் செருகாமல், எட்டிலும் நாலிலும் சரியான வோல்டேஜ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பவரை எடுத்து, பிறகு செருகுங்கள்.

வெப்பம்தான் காரணம் என்றால் செய்யக்கூடியது குறைவு. சேலம் வந்ததும் ராக்கை ஆன் செய்து அரை மணி நேரம் விட்டுவிட்டுச் சுருதி சேருங்கள். காரின் டிக்கியில் வெயிலில் வந்த பெட்டியை உடனே திறந்து டியூன் செய்தால் அது கச்சேரி நடுவில் மறுபடியும் நகரும். ஃபேன் காற்று நேராக ராக்கின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூன் குமிழால் அடிச்சுருதியைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொண்டு உள்ளே இருக்கும் ட்ரிம்மரை விட்டுவிடுங்கள், யேற்காட்டுக்குத் திரும்பினால் ஸ்கேல் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பாகங்களைப் பொறுத்தவரை டிஎல்072, ரெசிஸ்டர், 104, வெரோபோர்டு எல்லாம் சேலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். 3.5 மில்லிமீட்டர் பேனல் ஜாக்கும் பத்து மைக்ரோஃபாரட் ஃபிலிமும் இங்கே அமைந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பெங்களூர் எஸ்பி ரோட்டிலோ, இல்லை ஆன்லைனிலோ. மாடியூலுக்கு வாரண்டி இருந்தால் சால்டர் வைத்த நிமிஷமே அது போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது. சர்க்யூட் டயக்ராம் கிடைக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் மாதிரி சிலர் முழு டயக்ராமையும் வெளியிட்டிருக்கிறார்கள், டோப்ஃபர் தன் மாடியூல்கள் சிலவற்றை எப்படி மாற்றலாம் என்று தானே எழுதி வைத்திருக்கிறார். டயக்ராம் கையில் இருந்தால் நான் மேலே ஊகமாகச் சொன்னதில் பாதி உறுதியாகிவிடும்.

வரிசை என்று கேட்டால் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையை இன்றைக்கே செய்யுங்கள், அதற்குக் காசு செலவில்லை. அப்புறம் எல்எஃப்ஓ, கடைசியாக விசிஏ. எல்எஃப்ஓ போர்டின் இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில், ஐசியின் எழுத்துத் தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே போட்டால் எந்தக் கெபாசிடர் என்று வட்டம் போட்டுக் காட்டுகிறேன்.